ஆட்டம் நின்றால் யாருக்கு நஷ்டம்?

ராஜபாளையத்துப் பஞ்சாலைகளை அறிந்தவர்களுக்குக் கதவடைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கத்தில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளருக்கு வேலை நிறுத்தம் என்ற சொல்லும் அவ்வாறே. உழைப்பவர் தாமாகவே கை நிறுத்திக்கொண்டால் அது வேலை நிறுத்தம். முதலாளி வாயிலைப் பூட்டிவிட்டு, தம் நிபந்தனைக்கு இணங்கினால் உள்ளே வரலாம் என்றால் அது கதவடைப்பு. இரண்டிலும் இரண்டு கட்சியார் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். பத்திரிகைகளும் அவ்விருவரைப் பற்றியே எழுதுகின்றன.

ஆயினும், மூன்றாவது கட்சி ஒன்று எப்போதும் உண்டு. ஆலை வாயிலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், பாரவண்டி ஓட்டுபவர், துணிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் ஆகியோர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள். பேச்சு வார்த்தை மேஜையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஆனால், நஷ்டத்தில் மட்டும் தவறாமல் பங்கு உண்டு.

இந்த மூன்றாவது கட்சியைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் தறியன்று, பஞ்சாலையன்று, விளையாட்டு. நெசவாளருக்கும் விவசாயிக்குமான பத்திரிகையில் ஹாக்கி ஆட்டத்துக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். முடிவுவரை படித்த பின்னர் அக்கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

நம் பக்கத்து ஊரான கோவில்பட்டிக்கு ஹாக்கி அன்னியமானதன்று. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கே நடைபெறுவதை அறியாதவர் இவ்வட்டாரத்தில் குறைவு. அங்கே பயின்ற இளைஞர்கள் இந்திய அணிவரை சென்றிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் பஸ் ஏறிப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு இரவு திரும்பியவர்களில் நாமும் ஒருவர். ஆகவே, 2010ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த ஒரு சம்பவம் நம் நினைவில் இன்றும் தங்கியிருக்கிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி டில்லியில் தொடங்குவதாக இருந்தது. சொந்த நாட்டில் நடக்கும் போட்டி. அதற்கு ஏறத்தாழ ஏழு வாரமே இருந்த நிலையில், புனே நகரில் பயிற்சி முகாமில் இருந்த இந்திய ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்க மறுத்துவிட்டார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகை வந்து சேரவில்லை. அது தீர்ந்தால்தான் பயிற்சி என்றார்கள். நிர்வாகம் ஆளுக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. ஆட்டக்காரர்கள் அதை ஏற்கவில்லை. சில நாள் இழுபறிக்குப் பின்னர் ஆதரவு நிறுவனம் ஒரு கோடி ரூபாய் தர முன்வந்தது. முகாம் மீண்டும் தொடங்கியது. உலகக் கோப்பையில் இந்திய அணி முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்றது. முடிவில் எட்டாம் இடத்தில் நின்றது.

நாட்டில் பலர் ஆட்டக்காரர்களிடம் பரிவு காட்டினார்கள். ஆனால், அப்போது கல்லூரி விடுதியில் இருந்த நாம் என்ன செய்தோம்? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆட்டக்காரர்களைத்தான் ஏசினோம். "நாட்டுக்காக ஆடுவது பெரும் பேறு, அதற்குக் கூலி பேசலாமா?" என்று விடுதியின் உணவுக்கூடத்தில் முழங்கினோம். பணத்தை யார் நிறுத்திவைத்தார்கள், ஏன் நிறுத்திவைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிர்வாகத்தின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆட்டக்காரரின் முகமோ பத்திரிகையில் தினமும் வந்தது. கண்ணில் பட்டவர் மேல் கோபம் பாய்ந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி உலகத் தொடர் ஹாக்கி என்ற பெயரில் எட்டு அணிகள் கொண்ட தொழில்முறைப் போட்டி ஒன்று நம் நாட்டில் தொடங்கியது. சென்னைக்கும் ஓர் அணி இருந்தது. சென்னை சீட்டாஸ் என்று பெயர். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் அதன் சொந்த மைதானம். ஆனால், இந்திய ஹாக்கியை ஆள்வது யார் என்பதில் இரு அமைப்புகளுக்குள் வழக்கு இருந்தது. சர்வதேச சம்மேளனம் அப்போட்டியை அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடுபவர்கள் தேசிய அணிக்கு வரும் வழியை இழக்கும் அபாயத்தோடுதான் ஆடினார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி இறுதி ஆட்டம் முடிந்தது. பேசிய தொகை முழுவதும் கைக்கு வரவில்லை என்று ஆட்டக்காரர் பலர் பின்னர் முறையிட்டார்கள். இரண்டாம் ஆண்டுப் போட்டி தள்ளிவைக்கப்பட்டது; பின்னர் நடக்கவேயில்லை. சென்னை அணியின் பெயர் பொறித்த சட்டையை வாங்கியவர்கள் அதை வீட்டில் உடுத்திக் கிழித்தார்கள். அவர்களிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாக நமக்குத் தெரியவில்லை.

இது நம்மைப் போன்ற ஏழை நாட்டின் வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். பணம் கொழிக்கும் தேசங்களிலும் இதே கதைதான். அதே 2012ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவிலும் கனடாவிலும் பனித்தரை ஹாக்கி நடத்தும் தேசிய ஹாக்கி லீகில் கதவடைப்பு தொடங்கியது. 30 அணிகளின் முதலாளிகளும் சேர்ந்து வாயிலைப் பூட்டினார்கள். சண்டையின் காரணத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். லீகின் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு அதுவரை 57 சதவீதம் சென்றது. முதலாளிகள் முதலில் 43 சதவீதம் என்றார்கள். 113 நாட்கள் பூட்டிக் கிடந்த பின்னர், 2013ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆட வேண்டிய இடத்தில் 48 ஆடியது. மொத்தத்தில் 510 ஆட்டங்கள் இல்லாமற்போயின.

அதற்கு முன்னும் அங்கே இவ்வாறு நடந்ததுண்டு. 1994ஆம் ஆண்டு கதவடைப்பில் பாதிப் பருவம் போயிற்று. 2004ஆம் ஆண்டு கதவடைப்பு அதனினும் கொடியது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி, அந்தப் பருவமே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். 1,230 ஆட்டங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகுகளில் ஒரு முழுப் பருவத்தையும் தொழில் தகராறுக்குப் பலிகொடுத்தது அதுவே முதல் தடவை.

இரு கட்சியாரிடமும் நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிறு நகரங்களில் உள்ள அணிகள் நஷ்டத்தில் ஓடுகின்றன, சம்பளத்துக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டால் பெருநகர அணிகளே எல்லா நல்ல ஆட்டக்காரரையும் விலைக்கு வாங்கிவிடும் என்றார்கள் முதலாளிகள். சில ஆண்டுகளே நீடிக்கும் தொழில் எங்களுடையது, எலும்பு முறிந்தால் அன்றோடு பிழைப்பு முடிந்தது, எங்களைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது என்றார்கள் ஆட்டக்காரர்கள். இரண்டு வாதமும் செவிக்கு ஏற்றவையே. ஆனால், நுழைவுச் சீட்டு கிழிப்பவர், அரங்கில் தின்பண்டம் விற்பவர், எதிர்ப்புறத்தில் சிறு உணவுக் கடை நடத்துபவர் ஆகியோருடைய வாதம் அந்த 113 நாட்களில் எந்த மேஜையிலும் வைக்கப்படவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆண்டுச் சீட்டு வாங்கிய குடும்பத்தாரின் வாதமும் வைக்கப்படவில்லை. முதலாளிக்குப் பணம் தந்தவரும் அவரே. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தந்தவரும் அவரே.

ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. அவர்கள் செய்தவை மூன்று வகை. மூன்றையும் சீர்தூக்கிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலாவது, ஏசுவது. கோடீசுவரர்களுக்கும் லட்சாதிபதிகளுக்கும் நடக்கும் சண்டை, இருவரும் ஒழியட்டும் என்பது. கோபம் இயற்கையானது, அதனைக் குறை கூற மாட்டோம். ஆனால், பூட்டு திறந்த மறுநாளே அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. 2005ஆம் ஆண்டு ஆட்டம் மீண்டபோது, ரசிகர்களுக்கு நன்றி என்று பனித்தரையில் எழுதிவைத்தார்கள். அரங்குகள் நிரம்பி வழிந்தன. எழுத்துக்குச் செலவான வண்ணத்தைத் தவிர முதலாளிகளுக்கு வேறு நஷ்டம் இல்லை. ஏழே ஆண்டுகளில் மறுபடியும் வாயிலைப் பூட்ட அவர்கள் தயங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

இரண்டாவது, பகிஷ்காரம். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் ரசிகர்களில் ஒரு சாரார் சபதம் ஒன்று எடுத்தார்கள். டிசம்பர் 21ஆம் தேதிக்குப் பின் எத்தனை ஆட்டம் ரத்தாகிறதோ அத்தனை ஆட்டத்தை நாங்கள் புறக்கணிப்போம். சீட்டும் வாங்க மாட்டோம், சட்டையும் வாங்க மாட்டோம் என்றார்கள். கணக்கோடு கூடிய கோபம், ஏசுவதைவிட மேலானது. எனினும், பதிவேடு இல்லை, சந்தா இல்லை, கூட்டம் கூட்ட விதி இல்லை. யார் சபதம் காத்தார், யார் கைவிட்டார் என்று யாரும் அறியார். ஆட்டம் தொடங்கியதும் அரங்குகள் மறுபடி நிரம்பின.

மூன்றாவது செய்கை சற்றே வேறானது. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக் கோப்பையைக் கனடா நாட்டு ஹாக்கிக்காக வழங்கி, அதனைக் காக்கத் தருமகர்த்தர்களை நியமித்தார். காலப்போக்கில் அக்கோப்பை லீகின் உடைமை போலவே ஆகிவிட்டது. 2005ஆம் ஆண்டு லீக் நடக்காததால் கோப்பையும் யாருக்கும் வழங்கப்படவில்லை. முன்பு 1919ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலால் மட்டுமே அப்படி நேர்ந்திருந்தது. அப்போது பொழுதுபோக்காக ஹாக்கி ஆடும் சாதாரண மனிதர்கள் சிலர் ஒன்டாரியோ மாகாண நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். கோப்பை லீகுக்குத் தரப்பட்டதா, நாட்டுக்குத் தரப்பட்டதா என்று கேட்டார்கள். 2006ஆம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. லீக் ஆடாத ஆண்டில் தருமகர்த்தர்கள் விரும்பினால் வேறு அணிக்குக் கோப்பையை வழங்கலாம் என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பெண்களும் வசதியற்ற பிள்ளைகளும் ஹாக்கி ஆட லீக் பணம் தரவும் இசைந்தது. ஆயிரம் ஆயிரம் பேர் ஏசிக் கிடைக்காதது, சாசனத்தை எடுத்துப் படித்த ஒருசிலர் கேட்டபோது ஓரளவு கிடைத்தது.

கணக்கையும் சாசனத்தையும் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால், இந்தப் பாடத்தை நாம் கனடாவிலிருந்து கற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் திண்ணையில் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதத்தில், ஆய்வுக்காக அச்சங்கத்துக்குச் சென்றிருந்தோம். துணி விற்ற பணம் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. நெசவாளருக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி நின்றது. பாக்கி தீர்ந்தால்தான் புதுப் பாவு வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். தறிகள் நின்றன. தீபாவளிக்கு முந்திய நேரம். ராஜபாளையத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். ஆண்டுதோறும் தம் வீட்டுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்குமாகப் பத்துப் பதினைந்து சேலை அங்கேயே வாங்குபவர். முன்பணமும் கொடுத்திருந்தார். அலமாரி காலியாக இருந்ததைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த நெசவாளர்களைப் பார்த்து, "நல்ல நாள் பார்த்துத்தான் உங்களுக்கு வீம்பு வருமா? இனிமேல் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

முதியவர் ஒருவர் எழுந்து நின்றார். "டீச்சரம்மா, உங்கள் கோபம் நியாயந்தான். சேலை நெய்கிற எங்கள் வீட்டிலும் இந்தத் தீபாவளிக்குச் சேலை இல்லை. எங்களிடம் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடாதீர்கள். பணம் எங்கே நிற்கிறது என்று உள்ளே இருக்கிற இன்ஸ்பெக்டர் ஐயாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றார்.

ஆசிரியை உள்ளே வந்து கேட்டார். நாம் தலை நிமிரவில்லை. இருப்புக் கணக்கில் ஒரு தொகை ஒத்துவரவில்லை என்று, பாக்கியைப் பற்றிய நம் அறிக்கையை மூன்று வாரமாக அனுப்பாமல் பையில் வைத்திருந்தோம். பணம் நின்ற இடங்களில் நம் பையும் ஒன்று. புனே முகாம் ஆட்டக்காரர்களை விடுதியில் இருந்து ஏசிய நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று பணத்தை நிறுத்திவைத்தவர்களை நாம் கேட்கவில்லை. இன்று நம்மைக் கேட்க ஒருவர் வந்துவிட்டார்.

அறிக்கை அன்று மாலையே சென்றது. ஆசிரியையும் தம்முடன் வேலை செய்பவர்கள் இருபது பேரிடம் கையொப்பம் வாங்கி, நாங்கள் இச்சங்கத்தின் வாடிக்கைக்காரர்கள், கூலியைத் தீர்த்துத் தறியை ஓட விடுங்கள் என்று நிர்வாகத்துக்கும் மேலிடத்துக்கும் எழுதினார். பாக்கி இரண்டு தவணையில் வந்தது. அந்தக் கடிதத்தால் வந்ததா, தானாகவே வரவிருந்ததா என்று நம்மால் உறுதி கூற இயலாது. சேலை தீபாவளிக்குக் கிடைக்கவில்லை, திருக்கார்த்திகைக்குத்தான் கிடைத்தது. ஆனால், ஆசிரியை கடைத்தெருவுக்குப் போகவில்லை.

பிறர் தகராறில் அகப்பட்ட மூன்றாவது கட்சியார் கோபப்படுவது தவறன்று. கோபத்தைக் கண்ணில் பட்டவர் மேல் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் தவறு. அக்கோபம் பயன்பட வேண்டுமானால் அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். கணக்கைக் கேட்கும் உரிமை வேண்டும். கையொப்பமிட ஓர் இடம் வேண்டும். சுருங்கச் சொன்னால், ரசிகர் பார்வையாளராக நிற்காமல் அங்கத்தினராக வேண்டும்.

இது வெறுங் கனவா என்று கேட்பவர்களுக்குச் சில உதாரணங்கள் கூறுவோம். அமெரிக்காவில் கிரீன்பே என்பது ஒரு லட்சத்தைச் சற்றே கடந்த மக்கள்தொகை கொண்ட ஊர். நம் ராஜபாளையத்தைவிடப் பெரிதன்று. அவ்வூரின் பாக்கர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணி 1923ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் பங்குகளால் நடந்து வருகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். லாப ஈவு ஒரு காசு கிடையாது. நமது பாஷையில் சொன்னால் அது முழுக் கூட்டுறவு ஆகாது. அங்கே வாக்கு பங்கின் கணக்கில் போகிறது. 2011ஆம் ஆண்டு அந்த லீகில் கதவடைப்பு வந்தபோது அவ்வூர் அணியும் மற்றவற்றோடு பூட்டித்தான் கிடந்தது. அதனால் பொதுமக்கள் உடைமை என்பது எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் கூறவில்லை. ஆனால், அந்த அணியை ஒரு தனவந்தர் விலைக்கு வாங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

ஜெர்மனியில் 1998ஆம் ஆண்டு முதல் ஒரு விதி உண்டு. காற்பந்து அணியை நடத்தும் கம்பெனியில் பெரும்பான்மை வாக்கு, சில விலக்குகள் நீங்கலாக, ரசிகர்கள் அங்கத்தினராக உள்ள சங்கத்திடமே இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில், லீகின் வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியை முதலீட்டாளர்களுக்கு விற்க அணிகள் தீர்மானித்தன. ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பந்து எறிந்ததை நாம் போற்றவில்லை. எறிந்தவர்களின் கையில் வாக்கும் இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. வாக்கு இல்லாதவர்கள் எறிந்திருந்தால் காவலர் வந்து அப்புறப்படுத்துவதோடு கதை முடிந்திருக்கும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் பெரிய அணி ஒன்று அன்னிய முதலாளியின் கைக்குப் போனபோது, மனம் வெறுத்த ரசிகர்கள் 2005ஆம் ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் என்று தமக்கே ஓர் அணியைத் தொடங்கினார்கள். பெரிய அணியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால், அதில் ஒருவருக்கு ஒரு வாக்கு. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மான்செஸ்டருக்கு அடுத்த ராச்டேல் என்ற ஊரில், 1844ஆம் ஆண்டு, நெசவாளரும் கைத்தொழிலாளருமாகிய 28 பேர் தொடங்கிய சங்கத்திலிருந்து வந்தது. தறிக்காரர் கண்ட விதியை ஆட்டம் பார்ப்பவர்கள் 161 ஆண்டுகளுக்குப் பின் எடுத்துக்கொண்டார்கள். இப்பத்திரிகையில் ஹாக்கிக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு இதுவே விடை.

நம் நாட்டில் இதற்கு அவசரத் தேவை உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலையில், லீகை நடத்தும் உரிமை பற்றிய 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்ததாலும், புது ஒப்பந்தம் ஏற்படாததாலும், இந்திய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சில அணிகள் ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தின. சென்னை அணியும் தன் பணிகளை நிறுத்திவைத்தது. வழக்கமான பருவத்தில் பந்து உருளவில்லை. 15 ஆண்டு ஒப்பந்தம் எந்த நாளில் முடியும் என்பது கையெழுத்திட்ட அன்றே தெரிந்த செய்தி. ஆயினும், சென்னை அணிக்காகத் தொண்டை வறளக் கூவிய இளைஞர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கூட்டுறவு ஆய்வாளர் என்ற முறையில் மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, எந்தத் தொழில்முறைப் போட்டியிலும் ஆட்டக்காரர், ஊழியர் ஆகியோரின் ஊதியம் முதல் ஆட்டத்துக்கு முன்பே தனி வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். பணம் கட்டாதவர் அணி நடத்தலாகாது. இரண்டாவது, ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே பேச்சு தொடங்க வேண்டும். குறித்த தேதிக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவரிடம் செல்ல வேண்டும். அதுவரை பழைய ஒப்பந்தப்படி ஆட்டம் நடக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஊரிலும் ரசிகர்கள் பதிவு பெற்ற சங்கமாகச் சேர வேண்டும். அச்சங்கத்தின் பிரதிநிதிக்கு அணியின் நிர்வாகக் குழுவில் இடமும், ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டில் நிறைவேறிய காற்பந்துச் சட்டம், முக்கிய விஷயங்களில் அணிகள் ரசிகர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று கூறுகிறது. அங்கே சட்டமானது இங்கே யோசனையாகவாவது இருக்கலாம் அல்லவா?

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அங்கத்தினர் என்று பெயர் எழுதிக்கொண்டால் போதுமா? கூட்டத்துக்கு வருவார்களா? ஆட்சேபத்தை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஏனெனில் அதன் உண்மையை நாம் நாள்தோறும் காண்கிறோம். எத்தனை சங்கங்களின் மகாசபைக்குச் சென்றிருக்கிறோம்! நூற்றுக்கணக்கில் அங்கத்தினர் பெயர் இருக்கும். பந்தலில் நாற்பது பேர் இருப்பார்கள். வரவு செலவு அறிக்கை படிக்கும்போது பாதிப்பேர் வெளியே வெற்றிலை போடப் போயிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கூலி தாமதமானால், பால் பணம் தாமதமானால், திண்ணையில் இருந்து நிர்வாகத்தை ஏசுவார்கள். அங்கத்தினராக இருந்தும் தம்மை ரசிகராக்கிக்கொண்டவர்கள் இவர்கள். ஆடுகளத்தில் இடம் இல்லாதவர் அரங்கத்தில் கூச்சலிடுவது பரிதாபம். இடம் இருந்தும் எழுந்து வெளியே போய்க் கூச்சலிடுவதை என்னவென்பது?

ஆகவே, ஆட்டம் பார்க்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. அடுத்த தடவை ஆட்டம் நின்றால் ஆட்டக்காரரை ஏசும் முன், பணம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். பெயரும் கையொப்பமும் இட்டுக் கேளுங்கள்.

நம் சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதோ அதனினும் எளிது. உங்கள் சங்கத்தின் அடுத்த மகாசபை அறிவிப்பு வந்ததும், தேதியைக் குறித்து வையுங்கள். பந்தலுக்கு வந்து உட்காருங்கள். வரவு செலவு அறிக்கை படித்து முடியும்வரை இருங்கள். புரியாத தொகை வந்தால் எழுந்து கேளுங்கள். ஆய்வாளர் வந்திருந்தால் அவரையும் கேளுங்கள். அவருடைய பையில் ஏதேனும் நின்றிருக்கக்கூடும்.